மெத்தை போடாத இரண்டு அடி

தெப்ராவ், ஜொகூர்
ஜூன் 15

அன்பு மகள் லோஷினிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மா முழு நலம், நான் எத்தனை சதவீதம் என்பதை இதைப் படித்து முடித்ததும் நீயே முடிவு செய்துகொள். கால்கரியில் நீயும் உன் புது வீடும் நலம் என்று அம்மா மூலம் அறிந்தேன். அந்த ‘அம்மா மூலம்’ என்பதுதான் இப்போது பிரச்சினை. தைப்பூசத்திலிருந்து அப்பா போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அங்கேயே வீடு வாங்கியதில் அவருக்குக் கோபம், அதனால்தான் போனை அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போகிறார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். மார்ச்சில் அதைச் சொல்லி அழுதாயாம். எனக்குக் கோபம் இல்லை மகளே. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், மீதியை நீ படிக்காமல் விட்டாலும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஏன் அப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் உன் அறையில் ஓடும் ரயிலில் தொடங்கி, அந்த ரயிலுக்கு அடியில் என்ன போடுவது என்று நான் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் அறையில் ரயிலா என்று கேட்பாய். வேலை ஓய்வுக்குப் பிறகு ஒரு வருஷம் நான் வீட்டில் இருந்ததில் அம்மா ரொம்பவே அவதிப்பட்டுவிட்டாள். நான் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லையாம், சும்மா இல்லாததுதான் தொல்லையாம். பாசிர் கூடாங்கில் இருபத்தேழு வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்தவனுக்கு வீடு முழுக்க ஆபத்தாகத்தானே தெரியும். கேஸ் தோம்பைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டேன், மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறவும் என்று எழுதி ஒட்டினேன், தாளிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள் என்றேன். அன்றைக்கு அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டாள். இந்த நிலைமையில்தான் சிங்கப்பூரில் யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள், ஜப்பான் விளையாட்டு ரயில் செட் ஒன்றைக் கொடுத்துவிடப் பார்க்கிறார்கள் என்று மணியம் வந்து சொன்னான். மணியத்தை நினைவிருக்கும், எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், இரண்டு வீடு தள்ளி இருக்கிறான், இன்னமும் என்னை சேஃப்டி என்றுதான் கூப்பிடுவான். நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு எடுத்துட்டு வாங்க என்றாள். எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள், உன் அறையில். கட்டிலை நாங்கள் அசைக்கவில்லை, பயப்படாதே. அதிலிருந்த மெத்தையை மட்டும் எடுத்து அலமாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மேலே பெரிய பிளைவுட் பலகையைப் போட்டு, தண்டவாளத்தை அதன்மேல் வளைத்துப் பதித்து ரயிலை ஓட்டினேன். அருமையாக ஓடியது. துளிச் சத்தம் இல்லை. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான் என்று மணியத்திடம் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான், மரியாதையில் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் அறைக்கு நேர் கீழேதான் அம்மா உட்காரும் நாற்காலி. ஒரு வாரம் கழித்து அவள் மாடிக்கு வந்து, ஏங்க, மேல மாவு மில்லா வச்சிருக்கீங்க, காது கிழியுதுங்க, அடியில ஏதாச்சும் போடுங்களேன் என்றாள். எனக்குக் கேட்காத சத்தம் கீழே இருப்பவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நினைத்தேன், ஆனாலும் விசாரித்தேன். ரயில் வைத்து விளையாடுகிறவர்கள் எல்லாரும் இதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். தண்டவாளத்தை நேராகப் பலகையில் பதித்தால் பலகையே மேளமாகிவிடுமாம், நடுவில் மெத்தை மாதிரி ஒன்றைப் போட்டால்தான் சத்தம் அடங்குமாம். ரோட்பெட் என்று அதற்குப் பெயர், நான் மெத்தை என்றே எழுதுகிறேன். நிஜ ரயிலுக்குக் கருங்கல் ஜல்லியைக் கொட்டுகிறார்களே, அந்த வேலைதான். கார்க் நல்லது என்று ஒரு கூட்டம், ஃபோம் நல்லது என்று இன்னொரு கூட்டம். நம் நாட்டுக் காற்றில் எது பூஞ்சை பிடிக்கும், எதைக் கரையான் தின்னும் என்பதை இரண்டு கூட்டமும் சொல்லவில்லை. ஆகவே நானே சோதித்துப் பார்ப்பது என்று இறங்கினேன்.

இங்கே ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கார்க்குக்கு எங்கே போவது என்று தேடியபோது உன் அறைச் சுவரிலிருந்த நோட்டீஸ் போர்டு கண்ணில் பட்டது. அதில் குத்தியிருந்ததையெல்லாம், உன் ஆறாம் படிவ டைம்டேபிள், பேட்மிண்டன் குழுப் படம், கோயிலில் வாங்கிய கயிறு எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போர்டை வெட்டினேன். ஃபோமுக்கு அம்மாவின் உடற்பயிற்சிப் பாயின் ஓரத்தில் நாலு விரல் அகலம் எடுத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், மறுநாள் காலையில் அவள் படுத்துக் காலை நீட்டியதும் தெரிந்துவிட்டது. மூன்றாவதாக ரப்பர். இது உன் தங்கராஜு மாமாவின் யோசனை. சிம்பாங் ரெங்கத்தில் இன்னும் நாலு வரிசை ரப்பர் மரத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறார் இல்லையா, எல்லாரும் செம்பனை எண்ணெய் மரத்துக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும் போகவில்லை என்று அவருக்கு ஒரு பெருமை. நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து பால் வெட்டுன வம்சம், வெளிநாட்டு மரப்பட்டையப் போயி வாங்குவீங்களா மாப்பிள்ளே, உலகத்துக்கே டயர் குடுத்தவங்க நாம என்று போனில் கத்தினார். அந்தக் கத்தல் எனக்கு நன்றாகக் கேட்டது, அதையும் குறித்துக்கொள். காரின் பின்னால் ஐந்து ரப்பர் ஷீட்டைப் போட்டுக்கொண்டு வந்தே விட்டார். புகை போடாத, வெயிலில் காய்ந்த ஷீட். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நாற்றம் மறக்குமா, ஆனால் மறந்திருந்தேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, வேலி ஓரமாக வந்து உங்கள் வீட்டில் எலி செத்துக் கிடக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியான வெக்கையில் ரப்பர் இளகிப் பிசுபிசுத்து, தண்டவாளம் ஒரு பக்கம் அமிழ்ந்து, ரயில் நின்ற இடத்தில் நின்றது. மாமா அதையும் விடவில்லை, பாத்தீங்களா, என்னா கிரிப்பு என்றார்.

இத்தனைக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கார்க்கிலும் ஃபோமிலும் ரப்பரிலும் வெறும் பலகையிலும் ஒரே மாதிரி லேசான உறுமல், அவ்வளவுதான். நாலு மாதம் வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகு நான் வந்த முடிவு, மெத்தை என்பதே வியாபாரிகள் கட்டிய கதை, ஒன்றும் தேவையில்லை. இதை அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சரி, முறைப்படி நிரூபித்துவிடலாம் என்று ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தேன். தொழிற்சாலையில் செய்வது போலவே ஃபாரம் அச்சடித்து, தேதி, நேரம், கையெழுத்துக்கு இடம் எல்லாம் விட்டு வைத்தேன். நாலு துண்டுத் தண்டவாளம், நாலு விதமான அடிப்பாகம். மணியம் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுக் குலுக்கி, வந்த வரிசைப்படி ரயிலை ஓட்டுவான். வெளியே நாற்காலி போட்டு நானும் அம்மாவும் மாமாவும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சத்தத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. போனிலேயே சத்தத்தை அளக்கிற ஆப் இருக்கு சேஃப்டி என்றான் மணியம். அதையெல்லாம் யார் சரிபார்த்து முத்திரை போட்டது, மனுஷன் காதைவிட நம்பகமான கருவி உண்டா என்று கேட்டேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னதற்கு மூன்று பேர் சாட்சி.

முடிந்ததும் அம்மா மூன்று தாளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தாள். தெப்ராவ் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் தரம் பார்த்தவள், தாளைப் பார்த்தால் அவள் முகமே மாறிவிடும். அவள் தாளில் வெறும் பலகைக்கு ஒன்பது, ஃபோமுக்கு ஐந்து, ரப்பருக்கு நாலு, கார்க்குக்கு மூன்று. மாமாவின் தாளிலும் கிட்டத்தட்ட அதேதான், ரப்பர் தோற்றதைத் தன் கையாலேயே எழுதியிருந்தார், பாவம். என் தாளில் நாலுக்கும் இரண்டு. அண்ணனும் தங்கையும் கூட்டு சேர்ந்துவிட்டீர்கள் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஒரே சாமானை மூணு மீட்டர் வச்சு அளக்கறோம், ரெண்டு மீட்டர் ஒண்ணா காட்டுது, ஒண்ணு மட்டும் எதை வச்சாலும் ஒரே நம்பர் காட்டுது, உங்க கம்பெனியில என்னாங்க செய்வீங்க, சாமானையா தூக்கிப் போடுவீங்க என்று கேட்டாள். என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாதா. அந்த மீட்டருக்குச் சிவப்பு அட்டை கட்டி, யாரும் தொடாதே என்று எழுதி, பழுது பார்க்க அனுப்புவோம். எத்தனை அட்டை கட்டியிருக்கிறேன். அலமாக், சேஃப்டிக்கே ரெட் டேக்கா என்று மணியம் வாய்விட்டுச் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நான் மூன்று தாளையும் அடுக்கி ஓரமாக வைத்தேன். அம்மா, அப்ப தைப்பூசத்துக்கு முன்னால புள்ளை கேட்டப்ப ஆமா ஆமான்னீங்களே, அது என்றாள். எது என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். வீடியோவில் நீ, இங்கேயே இருந்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன்ப்பா, வீடு பார்த்துட்டேன் என்றாயாம். நான் சிரித்துக்கொண்டே அங்க நல்ல குளிரா என்று கேட்டேனாம். நீ, உங்களுக்கு வருத்தமாப்பா என்று கேட்டாயாம். நான் தலையை ஆட்டி ஆமா, ஆமா என்றேனாம். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரயில் ஓட்ட மாடிக்குப் போனேனாம். லோஷி, அதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. உன் வாய் அசைந்தது தெரிந்தது, நீ என்னையே பார்த்தது தெரிந்தது. நீ வழக்கமாகக் கேட்கும் பத்துக் கேள்வியில் ஒன்பதுக்கு ஆமா என்றால் போதும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழையா, அம்மா நல்லா இருக்காங்களா. இப்படியே எத்தனையோ மாதம் ஓட்டியிருக்கிறேன், என்னையும் அறியாமல். பத்தாவது கேள்வியை நீ அன்றைக்குக் கேட்டுவிட்டாய். நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அம்மா என்மேல் கோபமாக இருந்திருக்கிறாள். மார்ச் முழுக்க சாம்பாரில் முருங்கைக்காய் வராததற்குக் காரணம் அதுதானாம், நான் விலை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. இந்த இரண்டு மூன்று வருஷமாக உன் அம்மா குரல் தணிந்து பதவிசாகிவிட்டாள் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பெயருக்கு ஒரு அர்ச்சனைகூடச் செய்தேன்.

பிறகு காது டாக்டரிடம் போனோம். என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். முடிந்ததும் தாளைப் பார்த்துவிட்டு, பாக்சிக் டுலு கெர்ஜா கிலாங் கா என்று கேட்டாள், முன்பு தொழிற்சாலையில் வேலையா என்று. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். தாளை என் பக்கம் திருப்பினாள். ஒரு கோடு நேராக வந்து, கடைசியில் குழிக்குள் விழுவது போலச் சரிந்து கிடந்தது. கனத்த சத்தம் கொஞ்சம் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தம் போய்விட்டது, பெண்கள் குரல்தான் முதலில் போகும் என்றாள். அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தப் படத்தை எனக்குத் தெரியும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் திரையில் போட்டுக் காட்டி, காதடைப்பு மாட்டாமல் உள்ளே போனால் இதுதான் கதி என்று மிரட்டியவனே நான்தான். காதடைப்பு மாட்டாதவன் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறேன், மணியம் பெயரையே நாலு தடவை. ஆனால் மற்றவன் மாட்டியிருக்கிறானா என்று உள்ளே போய்ப் பார்க்கும்போது, அவன் சொல்லும் சாக்கைக் கேட்க வேண்டுமே என்று என்னுடையதை ஹெல்மெட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்வேன். இருபத்தேழு வருஷம். வீடு வந்து சேரும் வரை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் இரண்டு காதுக்கும் மிஷின் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் உலகம் ஒரே இரைச்சல். பிளாஸ்டிக் பை இவ்வளவு சத்தம் போடும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. ஹாலில் உள்ள ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக்கென்கிறது. உன் அம்மா பதவிசாகவும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை, அர்ச்சனை வீண். நேராக மாடிக்குப் போய் வெறும் பலகையில் ரயிலை ஓட்டினேன். ஐயோ மகளே, எட்டு மாதம் அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்த மனுஷி வெங்காயம் உரித்திருக்கிறாள். மனுஷர் சந்தோஷமா இருக்காரேன்னு விட்டுட்டேன் என்றாள், கேட்டதற்கு. எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே உன் நோட்டீஸ் போர்டை முழுவதும் வெட்டி, மெத்தையாகப் போட்டுவிட்டேன். ரயில் இப்போது உன் ஆறாம் படிவத்துக் குண்டூசி ஓட்டைகளின்மேல் பூனை மாதிரி போகிறது. ஜன்னல் பக்கத்து வளைவில் மட்டும் இரண்டு அடிக்கு ஒன்றும் போடவில்லை. காலையில் எழுந்ததும் மிஷினை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று விடுவேன். அந்த இரண்டு அடியில் கடகடவென்று கேட்டால் பேட்டரி சரி, இல்லையென்றால் மாற்ற வேண்டும். அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் அம்மா அனுமதி கொடுத்திருக்கிறாள்.

இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம், அம்மாவை விட்டும் சொல்லியிருக்கலாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று இத்தனை நாள் அவள் வாயைக் கட்டி வைத்திருந்தேன். மறுபடியும் அம்மா மூலம் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். நீ கேட்ட கேள்வியை இப்போது நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். உங்களுக்கு வருத்தமாப்பா. கேட்காமலே சொல்லிவிட்ட பதில்தான், ஆனால் பொய்யாக வரவில்லை. வருத்தம் உண்டு. நீ திரும்பி வருவாய் என்று நினைத்துத்தான் அந்தக் கட்டிலைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். ஆனால் என் மகள் தனியாக ஒரு தேசத்துக்குப் போய், உழைத்து, தன் பெயரில் வீடு வாங்கியிருக்கிறாள் என்பதில் எனக்கு இருக்கும் பெருமை அதைவிடப் பெரிது, தாமான் குடியிருப்பில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருத்தம் வேறு, கோபம் வேறு. இரண்டையும் நீ ஒன்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டில் புகை அலாரம் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை அழுத்திப் பார். பனி வழிக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு. நேரத்துக்குச் சாப்பிடு. மாமா உன் புது வீட்டுக் கதவுக்கு ரப்பர் மிதியடி அனுப்புவதாகச் சொல்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். தண்டாயுதபாணி துணையால் உனக்கு ஒரு குறையும் வராது, நோயில்லாமல் நிறைந்த மனசோடு நீண்ட நாள் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்த வாரம் உனக்குச் சனிக்கிழமை சாயங்காலம், எங்களுக்கு ஞாயிறு காலை, கூப்பிடு. போனை நான்தான் எடுப்பேன். கத்த வேண்டாம், சாதாரணமாகவே பேசு. வீடு வாங்கிய செய்தியை நீ இன்னும் எனக்குச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள், முதலிலிருந்து சொல்லு, எத்தனை அறை, எந்தப் பக்கம் வெயில் வரும், எல்லாம். முடித்துவிட்டு அந்தக் கேள்வியையும் இன்னொரு தடவை கேள். நான் உடனே பதில் சொல்லாமல் இருந்தால் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்டிருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
குணாளன்